ஒரே ஆளுக்கு இரண்டு கையெழுத்து

காயில்காரருக்கு அடிவயிற்றில் வீக்கம் வந்தது ஓர் அஞ்சு எச்.பி. மோட்டாரால்.

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கொடுப்பது அவருடைய தொழில். அதனால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் காயில்காரர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவரே ஒரு நொடி யோசித்துத்தான் சொல்வார். கடையில் இருந்த ஒரே உதவியாள் நாலு வருஷத்துக்கு முன் வேறு வேலைக்குப் போய்விட்டார். மனைவி காலமாகி ஆறு வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. கம்பி சுற்றும்போது சுற்றுகளை எண்ண வேண்டும். ஒன்று தவறினால் மோட்டார் ஓடாது. அதனால் ரேடியோகூட வைத்துக்கொள்ள முடியாது. மனைவி இருந்தபோது சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் வந்து நின்று, அவர் எண்ணி முடித்துத் தலை நிமிரும்வரை வாய் திறக்காமல் காத்திருப்பார். இப்போது தலை நிமிர்ந்தால் எதிரே இருப்பது வார்னிஷ் டப்பா.

ஒரு திங்கட்கிழமை தரையில் கிடந்த மோட்டாரை மேசைக்குத் தூக்கினார். மோட்டார் மேலே வந்தது. கூடவே அடிவயிற்றில் ஏதோ கீழே இறங்கியது.

"குடலிறக்கம்," என்றார் டாக்டர். "ஆபரேஷன் பண்ணிடணும். இன்னைக்கே பயப்பட வேண்டியதில்ல. ஆனா தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தா ஒருநாள் குடல் மாட்டிக்கும். இனிமே கனம் தூக்காதீங்க. கடையில ஆள் இருப்பாங்கல்ல?"

"நான் இருக்கேன்."

"உங்களைத் தவிர?"

காயில்காரர் நேர்மையாக யோசித்துப் பார்த்து, "மோட்டாருங்க இருக்கு," என்றார்.

டாக்டர் இடுப்புக்கு ஒரு பெல்ட் எழுதிக் கொடுத்தார். புதுச் சட்டத்தில் தொழிலகங்களுக்குக் காப்பீட்டு அட்டை கொடுக்கிறார்கள், அதை வாங்கி வந்தால் கைக்காசு போகாமல் முடித்துவிடலாம் என்றும் சொன்னார்.

அந்தப் புதுச் சட்டம் வர பதினொரு வருஷம் ஆகியிருந்தது. தொழிலாளியின் உடம்புக்கு முதலாளிதான் பொறுப்பு என்றது ஒரு தரப்பு. முதலாளியின் கழுத்தில் கயிறு மாட்டாதே என்றது மறு தரப்பு. பதினொரு வருஷத்தில் ஆறு குழுக்கள் அமைந்தன, மூன்று மைக்குகள் உடைந்தன. இதற்கிடையில் சட்டமன்ற உறுப்பினர்களில் ஒன்பது பேர் அரசுச் செலவில் வெளிநாடு போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார்கள். அதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு எழவில்லை. கடைசியில் ஒரு சமரசம் வந்தது. முதலாளியும் தொழிலாளியும் பாதிப் பாதிப் பொறுப்பு. இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். எந்தத் தொழிலகத்திலும் குறைந்தது இரண்டு பேராவது இருப்பார்கள் என்று சட்டத்தை எழுதியவர்கள் நினைத்ததில் தப்பில்லை. அவர்கள் யாரும் எந்த வேலையையும் தனியாகச் செய்து பார்த்தவர்கள் இல்லை.

காப்பீட்டு அலுவலகத்தில் முதலாளிகளுக்கான பிரிவு இரண்டாம் மாடியில், குஷன் நாற்காலிகளோடு இருந்தது. தொழிலாளிகளுக்கான பதிவுப் பிரிவு தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில். அங்கே கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருஷமாக அதே நாற்காலி.

"முதலாளி எங்க?" என்றார் அந்தப் பதிவுப் பிரிவு அம்மாள்.

"நான்தாங்க."

"நீங்க தொழிலாளி வரிசையில நிக்கிறீங்க."

"அதுவும் நான்தாங்க."

அம்மாள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். இரண்டு முறையும் ஒருவர்தான் தெரிந்தார்.

"கடையில வேலை செய்யறது?"

"நான்."

"வேலை சொல்றது?"

"யாரும் சொல்றதில்லைங்க. மோட்டார் வந்தா செய்வேன்."

"சொல்ற ஆள் இல்லாம எப்படி வேலை நடக்கும்?" என்று அம்மாள் கேட்டார். அலுவலகத்திலேயே தலை நரைத்தவருக்கு வரக்கூடிய நியாயமான சந்தேகம்தான். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அவர் ஒரு பக்கத்தையும் விடவில்லை.

"ஒரே ஆள் ரெண்டு பேரா இருக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல. அப்ப இருக்கலாம். ஆனா ரெண்டு கையெழுத்தும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு ஒன்பதாவது விதியில இருக்கு. தொழிலாளிக்கும் சேத்து முதலாளியே போட்டுடுவாருன்னு ஒரு பயம்."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"ரெண்டு பேரும் கலந்து பேசி முடிவு பண்ணி வாங்க. வெள்ளைப் படிவம் மாடியில, மஞ்சள் இங்க. ரெண்டும் ஒரே நேரத்துல கொடுக்கணும்."

அம்மாள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

கடைக்கு வந்து காயில்காரர் ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டார். முதலாளி கையெழுத்தில் சிக்கல் இல்லை. ரசீதில் தினமும் போடும் புழு மாதிரியான கோடு அது. தொழிலாளிக்குத்தான் புதிதாக ஒன்று வேண்டும். பள்ளிக்கூடத்தில் பழகிய, முழுப் பெயரையும் உருட்டி உருட்டி எழுதும் பழைய கையெழுத்து ஞாபகம் வந்தது. கடைசியாக அதைப் போட்டது கல்யாணப் பதிவேட்டில், மனைவியின் கையெழுத்துக்குப் பக்கத்தில். மெதுவாக எழுதிப் பார்த்தார். இந்த ஆளைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று தோன்றியது.

மறுநாள் மாடியில் வெள்ளைப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி மஞ்சள் படிவத்தை நீட்டும்போது நாலு நிமிடம் ஆகிவிட்டது. அம்மாள் மாடியில் கொடுத்த ரசீதைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது கொஞ்சம் முன்னாடி ஓடற கடிகாரம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மாடியில் போட்ட நேரத்தையே மஞ்சளிலும் எழுதினார். பழக்கமில்லாத வேலை என்பதால் எழுத்து கொஞ்சம் கோணியது.

மூன்றாவது வாரம் தொழிலக ஆய்வாளர் வந்தார். அளவு நாடாவால் கடையை நீளத்திலும் அகலத்திலும் அளந்தார். புகார்ப் பெட்டி இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை, தொழிலாளி ஓய்வெடுக்க முதலாளியின் கண்ணில் படாத தனி இடம் இல்லை என்று குறித்துக்கொண்டார். பிறகு முக்காலியில் உட்கார்ந்தார்.

"தொழிலாளியைத் தனியா விசாரிக்கணும். முதலாளி பக்கத்துல இருந்தா உண்மை வராது. நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

காயில்காரர் வெளியே போய் வெயிலில் நின்றார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தொழிலாளி வரலாம்."

உள்ளே போனார். ஆய்வாளரின் முகம் இப்போது கனிந்திருந்தது. கனிவாக விசாரிக்க வேண்டும் என்று விதி.

"பயப்படாதீங்க. நீங்க சொல்றது வெளிய போகாது. எத்தனை மணி நேரம் வேலை?"

"காலைல எட்டுக்கு வந்தா சாயந்திரம் ஏழு."

"வார விடுமுறை?"

"வீட்ல இருந்து என்ன பண்றதுங்க."

'மறுக்கப்படுகிறது' என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். "முதலாளி உங்களை எப்படி நடத்தறாரு?"

நல்லபடியாகத்தான் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் காயில்காரர் நினைத்தார். ஆனால் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக ஒருவர் பேனாவைத் திறந்து காத்திருந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"கெட்டவர் இல்லைங்க," என்றார். "ஆனா பேச மாட்டாரு. ஷட்டரைத் தூக்கறதுல இருந்து இறக்கற வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. சாப்பிட்டியான்னு கேக்க மாட்டாரு. கை சுட்டுக்கிட்டாக்கூட என்ன ஆச்சுன்னு திரும்பிப் பாக்க மாட்டாரு. ஒத்தையில தூக்கினா உடம்பு தாங்காதுன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் தூக்குன்னு விட்டுட்டாரு."

ஆய்வாளர் நிறுத்தாமல் எழுதினார். "எத்தனை வருஷமா இப்படி?"

"சம்சாரம் போனதுல இருந்துங்க."

"முதலாளி சம்சாரமா, உங்க சம்சாரமா?"

காயில்காரர் செப்புக் கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆய்வாளர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, 'பொருந்தாது' என்று எழுதினார்.

"சரி, நீங்க போங்க. முதலாளியை அனுப்புங்க."

காயில்காரர் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தார். ஆய்வாளரின் முகம் கல்லாகியிருந்தது.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? மனுஷன் அழாத குறையா சொல்லிட்டுப் போறாரு."

"தப்புதாங்க," என்றார் காயில்காரர். மனதார வருந்தித்தான் சொன்னார்.

பத்து நாளில் ஆணை வந்தது. வெள்ளிதோறும் மாலையில் முதலாளியும் தொழிலாளியும் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் நல்லுறவுக் கூட்டம் நடத்த வேண்டும். பேசியதை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தால்தான் காப்பீட்டு விண்ணப்பம் நகரும்.

முதல் வெள்ளி அவர் இரண்டு முக்காலிகளைப் போட்டு ஒன்றில் உட்கார்ந்தார். நோட்டில் எழுதினார்: "இருவரும் வந்திருந்தனர். பேச எதுவும் எழவில்லை. தேநீர் அருந்தினர்." மூன்றாவது வெள்ளி: "தொழிலாளி தன் வலியைப் பற்றிச் சொன்னார். முதலாளி குறுக்கிடாமல் கேட்டார்." ஐந்தாவது வெள்ளி: "ஊறவைத்த துணி மூன்று நாளாக வாளியிலேயே கிடப்பது குறித்து விவாதிக்கப்பட்டது. முடிவு எட்டப்படவில்லை." ஏழாவது வாரம் கூட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. வெள்ளிக்கிழமைகளில் அவர் சவரம் செய்துகொண்டு, தேய்த்த சட்டை போட ஆரம்பித்தார்.

இதற்குள் ஆய்வாளரின் அறிக்கை மேலே போய், மேலேயிருந்து இன்னும் மேலே போய், சட்டத்தைத் திருத்த உட்கார்ந்திருந்த கூட்டுக் குழுவின் கையில் சிக்கியது. இரு தரப்பும் அதை ஆவலோடு படித்தன. சிறு முதலாளி ஒருவர் படிவங்களால் நசுக்கப்படுகிறார் என்று தொழில் தரப்பு கண்டுபிடித்தது. ஊமைக் கொடுமைக்கு ஆளான ஒரு தொழிலாளியை உழைப்பாளர் தரப்பு கண்டெடுத்தது. சாட்சி சொல்ல வரும்படி காயில்காரருக்கு ஒரே நாளில் இரண்டு அழைப்புகள் வந்தன.

குழுவின் அறையில் நீள மேசை போட்டிருந்தார்கள். ஒரு கோடியில் 'முதலாளி' என்று பலகை வைத்த நாற்காலி, மறு கோடியில் 'தொழிலாளி' என்று பலகை வைத்த நாற்காலி. எந்தக் கேள்வி யாருக்கோ அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும் என்று தலைவர் விளக்கினார். தலைவருக்கு முன்னால் உணவு இடைவேளை குறித்த சீட்டு ஒன்று திறந்தே இருந்தது.

தொழில் தரப்பு உறுப்பினர் எழுந்தார்.

"தலைவர் அவர்களே, இந்த எளிய முதலாளியைப் பாருங்கள். ஒரு தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிவது இவரால். இவர் தலையில் காப்பீடு, பதிவேடு, புகார்ப் பெட்டி என்று ஏற்றிக்கொண்டே போனால் நாளைக்கே கடையை மூடிவிடுவார். தொழிலைச் சுதந்திரமாக விடுங்கள், ஆரோக்கியம் தானாக வரும். என்னுடைய மூன்று மருத்துவமனைகளிலும் நான் கண்ட உண்மை இது. சொந்தக் காசைக் கட்டும் நோயாளிக்குத்தான் சீக்கிரம் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஊக்கம் பிறக்கிறது."

அவர் தரப்பு மேசையைத் தட்டியது. காயில்காரர் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, ஆமாம், படிவங்கள் கொஞ்சம் அதிகம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

உழைப்பாளர் தரப்பு உறுப்பினர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தப் பக்கத்து நாற்காலியில் இருந்து இந்தப் பக்கம் வாருங்கள், என் சகோதரரே. உங்களைத் தூக்கவைத்தது யார்? சொல்லுங்கள். நான் உழைப்பவர்களோடு ஒன்றாக வாழ்பவன். என் வீட்டில் இன்றைக்கும் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் நான் பதிவு செய்யவில்லை. ஏன்? அவர்களை நான் தொழிலாளிகளாகப் பார்க்கவில்லை, குடும்பமாகப் பார்க்கிறேன். குடும்பத்துக்கு யாராவது வார விடுமுறை கொடுப்பார்களா?"

இந்தத் தரப்பும் மேசையைத் தட்டியது. காயில்காரர் எழுந்து மறு கோடிக்கு நடந்தார். பிறகு முதலாளிக்கு ஒரு குறுக்குக் கேள்வி, திரும்பி நடந்தார். தொழிலாளிக்கு ஒரு துணைக் கேள்வி; மறுபடியும் நடந்தார். பெல்ட் நழுவிவிட்டது. ஒன்பதாவது நடையில், மேசையின் நடுவில், அவரால் அடுத்த அடி வைக்க முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா," என்றார். "நான் ஒரே ஆளுங்க. எனக்கு வலிக்குது."

தலைவர் மைக்கை மூடிக்கொண்டு செயலரிடம் ஏதோ கேட்டார். பிறகு மைக்கைத் திறந்தார்.

"இதை எந்த நாற்காலியில இருந்து சொல்றீங்க?"

"நின்னுக்கிட்டுதாங்க சொல்றேன்."

"நாற்காலிக்கு வெளியே சொல்லப்பட்டது குறிப்பில் ஏறாது. நீக்கப்படுகிறது. உணவு இடைவேளை."

மூன்று வாரத்தில் திருத்தம் நிறைவேறியது. பதினொரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு குரல்கூட எதிர்க்கவில்லை. ஒரே ஆள் இருக்கும் இடம் தொழிலகம் ஆகாது. அதில் முதலாளியும் கிடையாது, தொழிலாளியும் கிடையாது. தொழில் தரப்பு, சிறுதொழில்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டவிழ்த்துவிட்டோம் என்றது. உழைப்பாளர் தரப்பு, இத்தனை முதலாளிகளை ஒரே கையெழுத்தில் இல்லாமல் செய்துவிட்டோம் என்றது. இரு தரப்பினரும் கட்டிப்பிடித்துக்கொண்ட படம் செய்தித்தாள்களில் வந்தது.

காயில்காரருக்குக் கடிதம் வந்தது. பதிவு ரத்து. காப்பீட்டு விண்ணப்பம் தள்ளுபடி. நல்லுறவுக் கூட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். இல்லாத இருவர் கூடுவது விதிமீறல். ஐயம் இருந்தால் பதிவுப் பிரிவை அழைக்கலாம் என்று அடியில் ஓர் எண்ணும் இருந்தது.

அட்டை வராது என்பதை அவர் எப்படியோ எதிர்பார்த்திருந்தார். இரண்டாவது முக்காலியை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பழக்க தோஷத்தில் சவரம் செய்துகொண்டு வந்துவிட்டார். சாயந்திரம் நோட்டைத் திறந்தார். எழுத ஆள் இல்லாததால் மூடினார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதால் கடையில் அன்றைக்கு யாரும் யாரோடும் பேசவில்லை.

அடுத்த புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குக் குடல் மாட்டிக்கொண்டது. டாக்டர் சொன்னபடியேதான். வாந்தி வந்தது, வீக்கம் கல்லாகி உள்ளே போக மறுத்தது. ஷட்டரைப் பாதி இறக்கி, மீதியை இறக்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டு, ஒரு வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார்.

பொது மருத்துவமனையில் அவசர ஆபரேஷனுக்கு அட்டை தேவையில்லை. இப்படிக் கடைசி நிமிடத்தில் வருவதற்கு மட்டும் ஒரு படிவம் வைக்க மறந்துவிட்டார்கள். ஆனால் ஒரு கையெழுத்து தேவைப்பட்டது.

"கூட யாரு வந்திருக்கா?" என்றார் நர்ஸ்.

"யாரும் இல்லைங்க."

"யார் நம்பராவது சொல்லுங்க. கூட இருக்கறவங்க கையெழுத்து இல்லாம உள்ள கொண்டுபோக மாட்டாங்க."

அவருடைய போனில் இருந்ததெல்லாம் மோட்டார் கொடுத்தவர்களின் எண்கள். மனைவியின் எண்ணும் அப்படியே இருந்தது. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார். நர்ஸ் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

"பதிவுப் பிரிவு," என்றது குரல்.

நர்ஸ் விஷயத்தைச் சொன்னார்.

"கோப்பு எண் சொல்லுங்க."

நர்ஸ் கடிதத்தைப் பார்த்துப் படித்தார். மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அந்தக் கோப்பு மூடியாச்சுங்களே."

"கோப்பு மூடியாச்சும்மா. ஆள் இன்னும் இருக்காரு."

எந்த மருத்துவமனை, எத்தனாவது வார்டு என்று அந்தக் குரல் கேட்டது.

நாற்பது நிமிடத்தில் பதிவுப் பிரிவு அம்மாள் வந்துவிட்டார். அரை நாள் விடுப்புப் போட்டிருந்தார். கைப்பையையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒப்புதல் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு பக்கமும் படித்தார். ஸ்ட்ரெச்சர் காத்துக்கொண்டிருந்தது. டாக்டர் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மாள் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனா நின்றது.

"நோயாளி உங்களுக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. இதை விட்டுடலாமா?"

"விடக் கூடாதும்மா. அண்ணன், தம்பி ஏதாவது போடுங்க. யாரும் பாக்கப் போறதில்ல."

"நான் பாப்பேனே," என்றார் அம்மாள்.

ஸ்ட்ரெச்சரை நகர்த்தினார்கள். அது தன்னைத் தாண்டும்போது அம்மாள் எழுந்து கூட நாலடி நடந்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

"காலைல இருந்து இல்லைங்க."

"நல்லது. சாப்பிட்டிருக்கக் கூடாதுன்னுதான் இதுல போட்டிருக்கு."

காயில்காரர் தெளிவாகக் கண் விழித்தது மறுநாள் காலையில். வயிற்றில் தையல் இழுத்தது. சுற்றிலும் கட்டில்கள். பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் மாமியார், மைத்துனர், பேரப்பிள்ளை என்று ஆட்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரரை ஒரே நேரத்தில் நாலு பேர் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சு காலியாக இருந்தது. அதைப் பார்த்து, திட்டுக்காரர்களில் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார்.

நர்ஸ் ஊசியோடு வந்தார்.

"நேத்து வந்தவங்க?" என்றார் காயில்காரர்.

"நீங்க வெளிய வர்ற வரைக்கும் நகரலங்க. கூட வந்தவங்க ஆபரேஷன் முடியற வரைக்கும் இருக்கணும்னு படிவத்துப் பின்பக்கம் போட்டிருக்காம். எங்களுக்கே தெரியாது."

"ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல. நேரத்தைப் பாத்து எழுதிட்டுப் போயிட்டாங்க."

காயில்காரர் தையலைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினார். "அந்த உறவுக் கட்டத்துல என்னன்னு போட்டாங்க?"

நர்ஸ் கட்டில் காலில் தொங்கிய அட்டையை எடுத்துத் தாளைப் புரட்டினார். தேடிக் கண்டுபிடித்து, புருவத்தைச் சுருக்கி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். கட்டத்தின் நாலு கோட்டுக்கும் உள்ளே அடங்கிய சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: "விண்ணப்பதாரர்."

"இப்படி ஒரு உறவு இருக்கா என்ன?" என்றார் நர்ஸ்.

காயில்காரர் அதை இன்னொரு முறை படித்தார்.

"இருக்குங்க," என்றார்.